மாடலின் வயதும் வண்டியின் வயதும்

2020 அக்டோபர் 2 அன்று மஹிந்திரா நிறுவனத்தின் புதிய தார் விற்பனைக்கு வந்தது. முந்தைய தார் ஒரு கரடுமுரடான ஜீப். புதிய தாரில் கெட்டிக் கூரையும் ஆட்டோமேட்டிக் கியரும் தொடுதிரையும் கிடைத்தன, 150 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினும் வந்தது. அறிமுக விலை 9.80 லட்சம் ரூபாயில் தொடங்கியது. நான்கே நாளில் ஒன்பதாயிரம் பேர் புக்கிங் செய்தார்கள். நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2021 பிப்ரவரியில் நிறுவனம் 1,577 டீசல் தார்களைத் திரும்ப அழைத்தது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான வண்டிகள் அவை. உதிரிபாகம் செய்துகொடுத்த ஆலையில் ஓர் இயந்திரத்தின் செட்டிங் பிசகியதால் கேம்ஷாஃப்டில் கோளாறு இருக்கக்கூடும் என்பது காரணம். பார்த்துவிட்டு, தேவைப்பட்ட வண்டிகளுக்குச் செலவில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மீது மற்ற நாட்டு இளைஞர்கள் வைக்கிற ஆசையைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் தார் போன்ற வண்டிகள்தான் வாங்கிக்கொள்கின்றன. குடும்பத்துக்கு அவசியம் என்று யாரும் அதை வாங்குவதில்லை. பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் ஷோரூமுக்குப் புறப்படும்போது வீட்டிலோ ஒர்க்ஷாப்பிலோ யாராவது ஒருவர் சொல்வார்: “புது மாடலை முதல் வருசம் தொடாத தம்பி, ஒரு வருசம் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” இந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி? பொறியியலில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நம்பகத்தன்மைப் பொறியியல் என்பார்கள். அது தரும் பதில் ஒர்க்ஷாப் அறிவுரையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் விலகுகிறது.

ஆயிரம் வண்டிகளை ஒரே நாளில் சாலையில் இறக்கி, ஒவ்வொரு மாதமும் எத்தனை வண்டி பழுதாகிறது என்று குறித்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்வோம். தொடக்க மாதங்களில் எண்ணிக்கை அதிகமாக இருக்கும். சரியாக முறுக்கப்படாத போல்ட், விரிசலோடு வந்த ரப்பர், மோசமாகப் பற்றவைக்கப்பட்ட ஒயர் எல்லாம் இந்தக் காலத்தில்தான் வெளியே வரும். பிறகு எண்ணிக்கை குறைந்து பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். வண்டியின் வயதுக்குச் சம்பந்தமில்லாத பழுதுகள் அப்போது நடப்பவை. சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பரிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி உடைவதற்கு, வண்டி புதிதா பழையதா என்பது பொருட்டில்லை. கடைசியில் தேய்மானம் வந்து சேர்கிறது, எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. இதை வரைந்தால் இரு ஓரமும் உயர்ந்து நடுவில் தட்டையாக இருக்கும். பொறியாளர்கள் இதைக் குளியல் தொட்டி வளைவு என்கிறார்கள். தொடக்கப் பழுதுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிசு மரணம்.

இந்த வளைவின் மூன்று பகுதிகளையும் ஒரே சூத்திரத்தில் எழுத வழி செய்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வாலோடி வைபுல். 1951-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். தன் சூத்திரம் எங்கெல்லாம் பொருந்தும் என்று காட்ட அவர் ஏழு எடுத்துக்காட்டுகள் தந்தார். எஃகின் வலிமை அதில் ஒன்று. நிலக்கரிச் சாம்பல் துகள்களின் அளவு இன்னொன்று. மூன்றாவதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது: இந்தியப் பருத்தி நாரின் வலிமை. பருத்தி விளையும் பெரம்பலூரின் கரிசல் மண்ணும், சாம்பலைக் கலந்து சிமெண்ட் அரைக்கும் அரியலூரின் ஆலைகளும் அந்தக் கட்டுரைக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

வைபுலின் சூத்திரத்தில் வடிவ எண் என்று ஒன்று உண்டு. அது 1-க்குக் கீழே இருந்தால் காலம் போகப் போகப் பழுதின் வேகம் குறையும். சரியாக 1 என்றால் மாறாது. 1-க்கு மேல் போனால் ஏறும். ஒரு பாகத்துக்கு அந்த எண் 0.5 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முதல் மாத முடிவில் இருந்த பழுது வேகம் நான்காம் மாத முடிவில் பாதியாகிவிடும், ஒன்பதாம் மாதம் மூன்றில் ஒன்றாகும். ஆறில் ஒன்றாகக் குறைய முப்பத்தாறு மாதம் பிடிக்கும். சரிவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நிஜ இயந்திரங்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றனவா? யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து 1978-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். முழுக் குளியல் தொட்டி வடிவம் 4 சதவீதப் பாகங்களில்தான் தெரிந்தது. 68 சதவீதப் பாகங்களில் தொடக்கத்தில் பழுது அதிகம், பிறகு மட்டமாகிவிடுகிறது. தேய்மான ஏற்றம் கண்ணில் படவே இல்லை. பழையது ஆக ஆகக் கெட்டுப்போகும் என்பதே இயந்திரத்தைப் பற்றி எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். அந்தப் பதிவுகளில் தெரிந்த ஆபத்தோ பெரும்பாலும் தொடக்கத்தில் இருந்தது. கார் விமானம் ஆகாதுதான். ஆனாலும் ஒர்க்ஷாப் அறிவுரைக்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த அறிவுரை தவறவிடும் இடத்துக்கு இப்போது வருவோம். மேலே சொன்ன வளைவு ஒரு தனி வண்டியின் வயதைப் பற்றியது. புது மாடல் என்று வரும்போது இன்னொரு வயது குறுக்கே வருகிறது. அது மாடலின் வயது: அந்த வடிவமைப்பு எத்தனை மாதமாகத் தயாரிப்பில் இருக்கிறது என்பது. ஒரு வருசம் பொறுத்து வாங்குகிறவருக்கும் கிடைப்பது புத்தம் புது வண்டிதான். அதன் தொடக்க மாதங்களை அவரும் கடந்தாக வேண்டும். போல்ட் சரியாக முறுக்கப்படாத வண்டி மூன்றாம் ஆண்டிலும் வரும். பொறுத்திருப்பதால் குறைவது இரண்டாவது வயதின் ஆபத்து மட்டுமே. அதாவது வடிவமைப்பிலேயே இருக்கும் பிழைகளும், ஆலை இன்னும் கை பழகாததால் வரும் பிழைகளும்.

ஆலை கை பழகாததால் வரும் பிழைகள் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை ஊகிக்கவும் ஒரு கணக்கு உதவும். விமானத் தயாரிப்பை ஆராய்ந்த ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-ல் ஒன்றைக் கவனித்தார். மொத்தத் தயாரிப்பு எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும், ஒரு விமானம் செய்யத் தேவையான உழைப்பு 20 சதவீதம் குறைந்தது. மாதம் நான்காயிரம் வண்டி செய்யும் ஆலை, ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு ஒரு வாரத்தில் போய்விடும். ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். இரட்டிப்புகள் தொடக்கத்தில் நெருக்கமாக வருவதால் ஆலையின் கற்றலும் தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது. தாரில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகள் நான்கு மாதத்துக்கும் குறைவான காலத்தில் தயாரானவை என்பது இதோடு ஒத்துப்போகிறது. அந்தப் பிழையில் வடிவமைப்பாளரின் பங்கு எதுவும் இல்லை. கேம்ஷாஃப்ட் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. எங்கோ ஓர் ஆலையில் ஓர் இயந்திரம் சிறிது காலம் தவறான செட்டிங்கில் ஓடியிருக்கிறது.

இவ்வளவு சோதித்துவிட்டுத்தானே விற்பனைக்கு விடுகிறார்கள், அப்போதே ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய மஹிந்திரா சிட்டியில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. குறுக்கே நிற்பது எண்கணிதம். ஐந்நூறு வண்டிக்கு ஒன்றில் தோன்றும் கோளாறு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது சோதனை வண்டிகளை ஓட்டினால் அந்தக் கோளாறு ஒன்றில்கூடத் தென்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 89 சதவீதம். அதை 95 சதவீத உறுதியோடு ஒருமுறையாவது பார்க்க ஆயிரத்து ஐந்நூறு வண்டிகள் ஓட வேண்டும். புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: இத்தனை வண்டியில் ஒன்றுமே பழுதாகவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்து வருவதுதான் பழுது விகிதத்தின் மேல் எல்லை. அறுபதில் பூஜ்யம் என்றால், உண்மையான விகிதம் 5 சதவீதம்வரை இருக்க இடம் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு சோதனை வண்டிகளைச் செய்து ஓட்டிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. ஆகவே சோதனையின் கடைசிக் கட்டம் வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் நடக்கிறது. முதல் சில ஆயிரம் பேர் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கட்டத்தில் பங்கெடுக்கிறார்கள்.

விலையுயர்ந்த வண்டி என்றால் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். போர்ஷே 911 ஜிடி3 காரின் முந்தைய தலைமுறைகளில் பந்தயக் களத்தில் புடம்போட்ட ஓர் எஞ்சின் இருந்தது. 2013-ல் அறிமுகமான தலைமுறைக்கு எஞ்சினை மாற்றினார்கள். 2014 தொடக்கத்தில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்தது காரணம். உலகம் முழுவதும் இருந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று நிறுவனம் சொல்லி, அத்தனைக்கும் எஞ்சினையே மாற்றித் தந்தது. எஞ்சினை முன்பக்கத்திலிருந்து நடுப்பகுதிக்குக் கொண்டுபோன 2020 செவ்ரோலே கார்வெட்டில் வந்தது வேறு வகைப் பிழை. முன்பக்கம் சாமான் வைக்கும் அறையின் மூடி, ஓடும்போது திறந்துகொள்ள வாய்ப்பிருந்தது. மூடி சரியாக மூடாவிட்டால் மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல் கார் போகாதபடி மென்பொருளை மாற்றினார்கள். இரண்டிலும் பிழை வந்த இடம் புதிதாக மாற்றிய இடம். புது மாடலைப் பார்க்கப் போகிறவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதையே: இதில் எது புதிது? எஞ்சின் வேறு வண்டியில் ஏற்கெனவே ஓடியதா? கியர்பாக்ஸ்? திரையும் மென்பொருளும்? வெளித்தோற்றம் மட்டும் மாறி, உள்ளே பழகிய பாகங்களே இருந்தால் மாடலின் உண்மையான வயது விளம்பரம் சொல்வதைவிட அதிகம்.

பழைய எஞ்சின் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கும் நம் நெடுஞ்சாலையில் ஒரு வரலாறு இருக்கிறது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1985-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1, 1977-ல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருது பெற்றது. எஞ்சின் மட்டும் பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வம்சத்தைச் சேர்ந்த இரண்டு லிட்டர் எஞ்சின். அந்தப் பெரிய உடலை இழுக்க அதற்குச் சக்தி போதவில்லை, பெட்ரோலையும் நிறையக் குடித்தது. பாகங்கள் தனித்தனியே பழகியவை, சேர்க்கை புதியது. 1988-ல் தயாரிப்பு நின்றது. முதல் வருசம் ஆசையாக வாங்கியவர்கள் மூன்றே ஆண்டில் தயாரிப்பாளர் கைவிட்ட காரோடு நின்றார்கள். மிஞ்சிய ரோவர் பாகங்கள் ஆலையிலேயே கிடந்து, 2006-ல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று வாங்கிப்போயிற்று. அதே சாலையில் இன்னும் தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது, ஓடிக்கொண்டிருந்த அதன் கார்களில் குறை எதுவும் புதிதாகத் தோன்றிவிடவில்லை. ஆனாலும் வாங்கியவர்களுக்கு அன்றைக்குக் கவலை வந்தது. மாடலின் தொடக்கத்தில் வாங்குகிறவர், அது எவ்வளவு காலம் விற்கும் என்று தெரியாமல் வாங்குகிறார். உதிரிபாகமும் மறுவிற்பனை விலையும் அந்தத் தெரியாத எண்ணைப் பொறுத்தவை. எஞ்சின் கோளாறைவிட இதுதான் பெரிய பண இழப்பு என்பது என் கருத்து.

பெரம்பலூரில் இருப்பவரின் கணக்கு சென்னையில் இருப்பவரின் கணக்காக இருக்க முடியாது. வாரண்டி பாகத்தின் விலையையும் கூலியையும் ஏற்கும். உங்கள் நாளை ஏற்காது. திருச்சிக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் போக வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர், ஒரு நாள் வேலை போச்சு. புது மாடலுக்கு உதிரிபாகம் கிடங்கில் இருக்காது. மெக்கானிக்கும் அந்த எஞ்சினை இப்போதுதான் முதல்முறை திறக்கிறார். ஆகவே ஒரே கோளாறுக்கு இரண்டு, மூன்று தடவை அலைய நேரலாம். வீட்டில் வேறு வண்டி இருந்தால் இதைத் தாங்கலாம். இதே வண்டியில்தான் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், இதிலேயே செட்டிகுளத்துக்குப் போய் வெங்காயம் பார்க்க வேண்டும் என்றால் தாங்க முடியாது.

அரியலூர்ப் பக்கத்துச் சாலைத் தூசி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் எஞ்சின் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 3. ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. எஃகை அராவுவதில் சுண்ணாம்புத் தூசி மணல் தூசிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அது மாவாகப் படிந்து ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும், ஈரம் பட்டால் இறுகும். புது மாடலோ பழைய மாடலோ, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இந்த இரு மாவட்டங்களிலிருந்தும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விடுமுறைக்கு வந்து வண்டி எடுத்து, ஒரு மாதம் ஓட்டிவிட்டு, உறை போட்டு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வாரண்டி ஆண்டிலும் கிலோமீட்டரிலும் எழுதப்பட்டிருக்கும், எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. நிற்கும் வண்டிக்குக் காலண்டர் ஓடும், கிலோமீட்டர் ஓடாது. தொடக்கப் பழுதுகள் பல, ஓடினால்தான் வெளியே வரும். மூன்று ஆண்டில் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஓட்டத்தின் கணக்கில் இன்னும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை, வாரண்டியோ முடிந்திருக்கும். இப்படி வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை தெளிவானது. வாங்குவதை, நிரந்தரமாக ஊர் திரும்பும் முன் வரும் கடைசி விடுமுறைவரை தள்ளிப்போடுங்கள். அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாரம் ஒருமுறையாவது தொலைதூரம் ஓட்டச் சொல்லுங்கள்.

பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. அறிமுக விலை அப்படியே நிற்காது. வெயிட்டிங் பட்டியல் நீளும். 2024 அக்டோபரில் ஐந்து கதவுத் தார் ராக்ஸுக்குப் புக்கிங் திறந்தபோது முதல் ஒரு மணி நேரத்திலேயே 1.76 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அந்தப் பட்டியலின் தலையில் இருந்தவர் ஆலையின் முதல் வண்டிகளை வாங்கினார். நடுவில் இருந்தவருக்கு ஆலை கை பழகிய பிறகு செய்த வண்டி கிடைத்தது. பட்டியலில் பின்னால் நிற்பதை இழப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. நான் வாங்குவதாக இருந்தால் விலை உறுதியோடு புக்கிங் போட்டுவிட்டு, முதல் ஆறு மாதத் தயாரிப்பு கடந்துபோகும்வரை டெலிவரியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பேன். எஞ்சினோ கியர்பாக்ஸோ முற்றிலும் புதிது என்றால் முழு ஆண்டும் பொறுப்பேன். இரண்டும் பழகியவை, வீட்டில் வேறு வண்டியும் உண்டு, மனசு கேட்கவில்லை என்றால் முதல் வருசமே எடுக்கலாம். வாரண்டி நீட்டிப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

எடுத்தாகிவிட்டது என்றால், வண்டியின் அடிச்சட்ட எண்ணையும் தயாரான மாதத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தாரில் நடந்ததுபோல், திரும்ப அழைப்பு இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை என்றுதான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி ஒன்றிய அரசே தயாரிப்பாளருக்கு உத்தரவிட முடியும். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். தயாரிப்பாளர் பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். அபராதம் ஒரு கோடி ரூபாய்வரை போகலாம். ஒவ்வொரு புகாரையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன சத்தம் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் முகவரி சரியாக இருக்கட்டும், டீலரிடம் கொடுத்த கைபேசி எண் ஊரில் யாராவது எடுக்கிற எண்ணாக இருக்கட்டும். சிங்கப்பூர் போனதும் அணைத்துவைத்த சிம் கார்டுக்குத் திரும்ப அழைப்பின் குறுஞ்செய்தி வந்து பயனில்லை.